கல்யாண வீடியோக்காரருக்கு அப்பிள் இனியும் ஆகுமா?

மட்டக்களப்பு கல்லடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2017ஆம் ஆண்டு வந்த 27 அங்குல ஐமேக் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கி வைத்திருக்கிறார். பழைய கமரா இருக்கும் வரை பிரச்சினை இல்லை. புதுக் கமரா வந்த பிறகு அதன் 4கே வீடியோ டைம்லைனில் விக்கி விக்கித்தான் ஓடுகிறதாம். இனியும் மேக்கிலேயே காசு போடுவதா, தொழில் செய்கிற எங்களைப் போன்றவர்களை அப்பிள் இன்னும் கவனிக்கிறதா, இல்லை ஐபோன் விற்கிறதோடு நின்றுவிட்டதா, பேசாமல் விண்டோஸ் டவர் ஒன்றைப் பொருத்தி எடுத்துவிடுவதா என்பது அவருடைய கேள்வி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. உங்களுடைய வேலைக்கு இப்போதைய மேக் அளவுக்குப் பொருந்துகிற பெட்டியை அப்பிள் நீண்ட காலமாகச் செய்ததில்லை. பெட்டியைத் திறந்து ராம் மாற்றி, கார்ட் மாற்றி, பத்து வருடம் ஓட்ட நினைக்கிற தொழில்காரரை அது இந்தளவுக்குக் கைவிட்டதும் இல்லை. இரண்டும் ஒரே முடிவிலிருந்து வந்தவை. அந்த முடிவை விளங்கிக்கொண்டால் மட்டக்களப்பில் இருந்துகொண்டு என்ன வாங்குவது என்பது தானாகத் தெளியும்.

அப்பிளுக்கும் தொழில்காரருக்கும் உள்ள உறவு பழையது. 1985இல் மெக்கின்டோஷ், லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மூன்றும் சேர்ந்துதான் மேசையில் இருந்தபடியே பக்கம் வடிவமைக்கும் தொழிலைத் தொடக்கி வைத்தன. அதன் பிறகு அச்சகம், விளம்பரம், இசை, திரைப்படம் என்று எங்கே போனாலும் மேக் இருந்தது. 2006இல் வந்த மேக் ப்ரோ டவரை இன்றைக்கும் பலர் நல்ல மனதோடு நினைப்பார்கள். பக்கத்துக் கதவைத் திறந்தால் நாலு ஹார்ட் டிஸ்க், ராம் தட்டுகள், கார்ட் போடும் துளைகள், எல்லாம் கைக்கு எட்டும். நூறு டொலருக்கு ராம் வாங்கிப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

பிறகு ஐபோன் வந்தது. 2007 ஜனவரியில் கொம்பனி தன் பெயரிலிருந்து கொம்பியூட்டர் என்ற சொல்லையே எடுத்துவிட்டது. அதைக் குறை சொல்லவும் முடியாது. 2024 நிதியாண்டில் ஏறக்குறைய 391 பில்லியன் டொலர் வருமானத்தில் பாதிக்கு மேல் ஐபோன்; மேக் எல்லாம் சேர்ந்து பத்திலொன்றுக்கும் குறைவு. அந்த மேக்குகளுக்குள்ளும் பெரிய டவர் வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டம். எனவே அப்பிள் எங்களை மறந்ததா என்று கேட்பதைவிட, எங்களைப் போன்றவர்களை ஞாபகம் வைத்திருக்க அதற்கு என்ன தேவை இருக்கிறது என்று கேட்டால் நடந்தவை விளங்கும்.

நடந்தது என்ன? 2011 ஜனவரியோடு எக்ஸ்சர்வ் சேர்வர் விற்பனை நின்றது. அதே வருடம் ஜூனில் அப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தது. பழைய ஃபைனல் கட்டில் செய்த வேலைகளை அதில் திறக்க முடியாது, பல கமராவை ஒன்றாக வைத்து வெட்டும் வசதியும் இல்லை. அந்த வசதி 2012 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு பெரிய கூட்டம் பிரீமியர், அவிட் என்ற வேறு எடிட்டிங் மென்பொருள்களுக்குப் போய்விட்டது. இன்றைக்கு ஃபைனல் கட் நல்ல மென்பொருள்தான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் தொழில்காரர்களின் நம்பிக்கையில் விழுந்த முதல் பெரிய கீறல் அது.

2013இல் கறுப்பு உருளையாக புதிய மேக் ப்ரோ வந்தது. வடிவென்றால் வடிவு. நடுவில் முக்கோணமாக ஒரு உலோகத் தண்டு. சிபியூவும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் அந்த ஒரு தண்டில்தான் வெப்பத்தை இறக்க வேண்டும். இரண்டு நடுத்தர கார்டுகளுக்கு வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் இனி வழக்கமாகும் என்று அப்பிள் கணக்குப் போட்டது. உலகம் ஒரே பெரிய கார்டின் பக்கம் போனது. அந்தப் பெரிய கார்டின் வெப்பத்தை அந்த உருளை தாங்காது. ஆகவே மாற்றவும் வழியில்லை, புதுப்பிக்கவும் வழியில்லை. 2013 டிசம்பரில் விற்பனைக்கு வந்த பெட்டி 2017 வரை அப்படியே நின்றது. அந்த ஏப்ரலில் ஃபில் ஷில்லர், கிரேக் ஃபெடரிகி போன்ற மேல்மட்ட ஆட்கள் சில பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, வெப்ப விடயத்தில் தாங்களே ஒரு மூலைக்குள் போய் மாட்டிக்கொண்டதாக ஒத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கொம்பனி இப்படி வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். அதே கூட்டத்தில் அவர்கள் சொன்ன இன்னொன்றைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: தொழில்காரர் அதிகமாகப் பாவிப்பது மடிக்கணினி. அதாவது அப்பிளின் கண்ணில் தொழில்காரர் என்றால் மேக்புக் ப்ரோ வைத்திருக்கிறவர். டவர் வைத்திருக்கிறவர் அதற்குப் பிறகுதான்.

அப்படியென்றால் மடிக்கணினியையாவது வடிவாகச் செய்திருக்க வேண்டுமல்லவா? 2016 மேக்புக் ப்ரோவில் எஸ்டி கார்ட் துளையை எடுத்தார்கள், எச்டிஎம்ஐ எடுத்தார்கள், காந்தத்தில் ஒட்டும் சார்ஜரை எடுத்தார்கள். யூஎஸ்பி-சி மட்டும் மிச்சம். கல்யாண வீட்டில் கார்டைக் கழற்றிக் கொம்பியூட்டரில் போட வேண்டியவனுக்கு அது எவ்வளவு தொல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெல்லியதாக வேண்டும் என்பதற்காகப் போட்ட பட்டர்ஃப்ளை விசைப்பலகை தூசு போனாலே ஒட்டிக்கொள்ளும். ஒரு எழுத்து அடித்தால் இரண்டு விழும், அல்லது விழாது. 2018 ஜூனில் இலவசத் திருத்தத் திட்டம் அறிவித்தார்கள். 2019 நவம்பரில் 16 அங்குல மாடலில்தான் பழைய மாதிரி விசைப்பலகை திரும்பியது. கடற்கரை மணலும் கச்சான் காற்றும் உள்ள எங்களுடைய ஊருக்கு அந்த மூன்று வருட மேக்புக்குகள் ஆகவே ஆகாது. பாவித்தது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்து காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

2019 டிசம்பரில் புதிய மேக் ப்ரோ டவர் வந்தது. கேட்டதெல்லாம் இருந்தது: கார்ட் போடும் எட்டு பிசிஐ துளைகள், 1.5 டிபி வரை ராம், 28 கோர் சிபியூ. விலை 5,999 டொலரில் தொடக்கம். கீழே சக்கரம் வேண்டுமென்றால் இன்னொரு 400 டொலர். அதோடு வந்த திரைக்குத் தாங்கி மட்டும் 999 டொலர். பழைய டவரை வாங்கிய ஸ்டூடியோக்காரர் இதை வாங்க முடியாது. ஹொலிவூட்டுக்கும் பெரிய இசை நிறுவனங்களுக்கும் செய்த பெட்டி அது. அதைவிடப் பெரிய அடி அடுத்த ஆறு மாதத்தில் வந்தது. 2020 ஜூனில் இன்டெல்லை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தச் சிப்புக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 2025 ஜூனில், மேக்ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்றும் சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் ஓட்டலாம் என்று நம்பி வாங்கியவர்கள் பாவம்.

சரி, குறை சொன்னது போதும். அந்தச் சொந்தச் சிப்தான் உங்கள் கேள்விக்கு விடையும்.

உங்கள் ஐமேக்கில் வீடியோ விக்குவதற்குக் காரணம் அதன் வேகக் குறைவு என்று நினைக்கிறீர்கள். முழுக்க அது இல்லை. புதுக் கமராக்கள் பல எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் 10 பிட் 4:2:2 என்று பதிகின்றன. பழைய 4:2:0 முறையில் நிற விவரம் கால்வாசிதான் பதியும். 4:2:2 இல் அரைவாசி பதியும். கூறைச் சேலையின் சிவப்பும் மேடை விளக்கின் ஊதாவும் கலர் திருத்தும்போது பிய்யாமல் நிற்பது அதனால்தான். ஆனால் அந்த வீடியோவைப் பிரித்துக் காட்டுவது கொம்பியூட்டருக்குக் கடுமையான வேலை. சிப்புக்குள் அதற்கென்று தனிச் சுற்று இருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும். இல்லாவிட்டால் சிபியூ தலையால் சுமக்க வேண்டும். 2017 ஐமேக்கின் இன்டெல் சிப்பில் 4:2:0 க்கு அந்தச் சுற்று உண்டு, 4:2:2 க்கு இல்லை. ராம் எவ்வளவு போட்டாலும் இது தீராது.

2020 நவம்பரில் வந்த எம்1 சிப்பிலேயே அந்தச் சுற்று இருந்தது. ஆக மலிவான மேக் மினிகூட, 2019இன் பெரிய டவர் தடுமாறுகிற வீடியோவை நிற்காமல் ஓட்டியது. பிறகு 2021 அக்டோபரில் வந்த மேக்புக் ப்ரோவில் எஸ்டி கார்ட் துளை, எச்டிஎம்ஐ, காந்தச் சார்ஜர் எல்லாம் திரும்பி வந்தன. 2016 மாடலைவிடக் கொஞ்சம் தடிப்பாகவே செய்தார்கள். பிழையை விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2022 மார்ச்சில் மேக் ஸ்டூடியோ வந்தது. அதன் எம்1 அல்ட்ரா சிப் தங்களுடைய 28 கோர் மேக் ப்ரோவையே முந்துகிறது என்று அப்பிளே படம் போட்டுக் காட்டியது. அந்த மேக் ப்ரோவை வாங்கியவர் அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசியுங்கள்.

2023இல் மேக் ப்ரோவுக்கும் எம்2 அல்ட்ரா போட்டார்கள். அதே சிப்போடு மேக் ஸ்டூடியோ 3,999 டொலர், மேக் ப்ரோ 6,999. மேலதிகமாகக் கொடுக்கிற மூவாயிரத்துக்குக் கிடைப்பது பிசிஐ துளைகள். அந்தத் துளையில் கிராபிக்ஸ் கார்ட் போட்டால் வேலை செய்யாது. ஒலிப்பதிவுக்கான கார்டுகள், வீடியோ உள்வாங்கும் கார்டுகள், சேமிப்புக் கார்டுகள் போடலாம், அவ்வளவுதான். ராமும் 192 ஜிபிக்கு மேல் இல்லை. முந்தைய மாடலில் 1.5 டிபி. 2025 மார்ச்சில் மேக் ஸ்டூடியோவுக்கு எம்3 அல்ட்ராவும் 512 ஜிபி நினைவகமும் வந்தபோது மேக் ப்ரோ பழைய சிப்பிலேயே இருந்தது. டவரின் மேல் அப்பிளுக்கு மனமில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

ராமைச் சிப்போடு ஒட்டி வைப்பதால்தான் அந்த வேகம் வருகிறது. சிபியூ, கிராபிக்ஸ், வீடியோச் சுற்று எல்லாம் ஒரே நினைவகத்திலிருந்து எடுப்பதால் தரவை அங்குமிங்கும் பிரதி செய்யத் தேவையில்லை, மின்சாரமும் குறைவு. அதே ஒட்டுதலால்தான் பிறகு ராம் கூட்டவும் முடியாது. வேகமும் பூட்டும் ஒன்றாகவே வருகின்றன. அப்பிள் இதில் நடுவழி தேடவில்லை, தேடப்போவதாகவும் தெரியவில்லை.

இப்போது எங்களுடைய ஊரில் வைத்துப் பார்ப்போம். கொழும்பில் இருக்கிறவருக்கும் மட்டக்களப்பில் இருக்கிறவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல.

முதலாவது கரண்ட். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அந்த நிலைமை இல்லை என்றாலும் மழைக்காலத்தில் போவதும் வருவதும் வழக்கம்தான். எம்4 மேக் மினி சும்மா இருக்கும்போது நாலு வாற்று, முழு மூச்சில் வேலை செய்யும்போது அதிகபட்சம் 65 வாற்று என்று அப்பிள் சொல்கிறது. நல்ல கிராபிக்ஸ் கார்ட் போட்ட டவர் ஒன்று வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது முந்நூறு நானூறு வாற்றை இலேசாக இழுக்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற சிறிய யூபிஎஸ் அந்த டவருக்குச் சேவ் பண்ணி நிறுத்தும் நேரத்தை மட்டும்தான் தரும். மினியையும் ஒரு திரையையும் அதே யூபிஎஸ்ஸில் போட்டால் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டே எழும்பலாம். மாதம் முழுக்க எடிட்டிங் ஓடும் கடையில் மின்கட்டண வித்தியாசமும் தெரியும்.

இரண்டாவது வெக்கை. மேக்குகளுக்கு அப்பிள் எழுதியிருக்கிற இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 பாகை வரை. ஆனி ஆடி மாதத்தில் ஏசி இல்லாத தகரக் கூரை அறை மத்தியானத்தில் அதைத் தாண்டும். ஃபேன் வேகமாகச் சுற்றும், அப்புறம் சிப் தன் வேகத்தைத் தானே குறைக்கும். விசிறி இல்லாத மேக்புக் ஏரில் இது சீக்கிரம் நடக்கும், ஆகவே நீளமான எக்ஸ்போர்ட்டுக்கு ஏர் வேண்டாம். மினி கீழ்ப்பக்கத்தால்தான் காற்றை இழுத்து விடுகிறது. அதைத் துணி விரித்த மேசையில் வைத்தால் மூச்சு முட்டும். அதன் பவர் பட்டனையும் கீழே மூலையில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய விடயம்: பழுது. விண்டோஸ் டவரில் பவர் சப்ளை போனால் மட்டக்களப்பு நகருக்குள்ளேயே வாங்கிப் பின்னேரத்துக்குள் மாட்டலாம். ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் அப்படியே. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கிடைக்கும். மேக்கில் போர்ட் போனால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். இலங்கையில் அப்பிளுக்குச் சொந்தக் கடை இல்லை. அங்கீகாரம் பெற்ற நிலையங்கள்தான். பாகம் வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் நாட்கள் எண்ண வேண்டும். பாவனையாளர் தானே பாகம் வாங்கித் திருத்தும் திட்டத்தை 2022இல் அமெரிக்காவிலும் பிறகு ஐரோப்பாவிலும் தொடங்கினார்கள். எங்களுக்கு அது எட்டவில்லை. சனிக்கிழமை சாமத்திய வீடு, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அடுத்த கிழமை மாமாங்கத் திருவிழா நேரலை என்று இருக்கிற ஆளுக்கு, மெஷின் இல்லாத பத்து நாள் என்பது எவ்வளவு நட்டம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அதைவிடப் பயங்கரம் தரவு. டவரில் போர்ட் செத்தாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கொம்பியூட்டரில் போட்டால் பெரும்பாலும் எல்லாம் கிடைக்கும். 2018க்குப் பிந்திய மேக்புக்குகளில் சேமிப்புச் சிப் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. உள்ளே உள்ளதெல்லாம் அந்தப் போர்டின் பாதுகாப்புச் சிப்போடு கட்டிப் பூட்டப்பட்டிருக்கும். சிப்பைக் கழற்றி எடுத்தாலும் வாசிக்க முடியாது. எம்4 மினியிலும் ஸ்டூடியோவிலும் எஸ்எஸ்டி கழற்றக்கூடிய துண்டுதான், ஆனால் அதுவும் வேறொரு பெட்டியில் போட்டு வாசிக்கிற சாதாரண எஸ்எஸ்டி இல்லை. என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு மேக்புக்கில் தேநீர் ஊற்றிவிட்டிருந்தார்கள். ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோ முழுக்க அதற்குள் மட்டும்தான் இருந்தது. அப்பிள் பாதுகாப்புக்காகச் செய்தது, திருடனுக்கு எதிராக நல்ல ஏற்பாடு. அந்தக் குடும்பத்துக்கு அதைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியுமா?

ஆகவே மேக் வாங்குகிறீர்களென்றால் உள்ளே மென்பொருள் மட்டும், வேலை எல்லாம் வெளியே. இதை விலைக் கணக்கும் சொல்கிறது. எம்4 மினி 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்போடு 599 டொலரில் வந்தது. சேமிப்பை 512 ஆக்க 200 டொலர் கூட்டிக் கேட்டார்கள். அந்தக் காசுக்கு வெளியே இரண்டு மூன்று மடங்கு இடமுள்ள எஸ்எஸ்டி வாங்கலாம், பழுதானால் இங்கேயே மாற்றலாம். டொலரை முந்நூறு ரூபாய் என்று வைத்தால் 599 என்பது ஏறக்குறைய 1,80,000 ரூபாய். அதன் மேல் 18 வீத வற் வரியும் கொண்டுவருகிறவர் இலாபமும் சேரும். நினைவகத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பிறகு கூட்ட வழியே இல்லை. உங்கள் வேலைக்கு 24 ஜிபி போதும். எம்4 ப்ரோ வரை போக நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் இரண்டு எஸ்எஸ்டியும் நல்ல யூபிஎஸ்ஸும் வாங்குங்கள். நீங்கள் வாங்குகிற நேரம் அதற்குப் பிந்திய மினி வந்திருந்தால் அதே கணக்கில் அதை எடுங்கள். மினியில் எஸ்டி கார்ட் துளை இல்லை, பழைய யூஎஸ்பியும் இல்லை. கார்ட் வாசிப்பான் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் டவர் என்றால்? அதுவும் தப்பான யோசனை இல்லை, ஆனால் கடைக்காரர் சொல்கிறபடி பொருத்த விடாதீர்கள். பெரும்பாலும் கேம் விளையாட நல்ல பெட்டியைத்தான் காட்டுவார்கள்: ரைசன் சிபியூ, என்விடியா கார்ட். என்விடியாவில் 4:2:2 பிரிக்கும் சுற்று 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதற்கு முந்திய கார்ட் எவ்வளவு விலை என்றாலும் உங்களுடைய கமரா வீடியோ திரும்பவும் விக்கும். மலிவான வழி, 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் சிப்; அதன் உள்ளக கிராபிக்ஸில் இந்தச் சுற்று இருக்கிறது. ஆனால் பெயர் எஃப் என்று முடிகிற இன்டெல் சிப்பில் உள்ளக கிராபிக்ஸே கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் குறைவு என்று அதைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம்.

உங்கள் தொழில் வேறாக இருந்திருந்தால் என் பதிலும் வேறாகத்தான் இருந்திருக்கும். அச்சகம் என்றால் மேக் வேண்டவே வேண்டாம் என்பேன். மேக்கில் பிறந்து வளர்ந்த பேஜ்மேக்கரில்தான் பாமினி எழுத்துருவோடு கல்யாண அழைப்பிதழும் நினைவு மலரும் இன்னும் இங்கே செய்கிறார்கள். அந்தப் பேஜ்மேக்கர் மேக்ஓஎஸ் எக்ஸில் நேரடியாக ஓடியதே இல்லை. பழைய கோப்புகள் இருபது வருடத்துக்கு இருக்கும்போது அதையெல்லாம் தூக்கிப்போட யார் சம்மதிப்பார்? நீர்ப்பாசனம், வீதி, கட்டடம் என்று அம்பாறைப் பக்கம் வேலை செய்கிற பொறியியலாளர்களுக்கும் அப்படியே. ரெவிட், சொலிட்வேர்க்ஸ், ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ எல்லாம் விண்டோஸுக்கு மட்டும். முன்பு இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் போட்டு விண்டோஸ் ஏற்றினார்கள், சொந்தச் சிப் வந்ததோடு அந்த வழியும் அடைபட்டது. முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர் மேக்கிலும் நன்றாகத்தான் ஓடுகிறது, என்றாலும் என்விடியா கார்ட் போட்ட டவர் அதே காசுக்கு முன்னால் நிற்கும். இவர்களிடம் போய் அப்பிள் தொழில்காரரைக் கவனிக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

ஒலிப்பதிவுக்காரர் மட்டும் உங்களோடு சேர்வார். கூத்துக்கு மத்தளமும் சல்லாரியும் பதிகிற அறையில் மேலே சுற்றும் ஃபேனையே நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். அங்கே டவரின் இரைச்சல் மைக்கில் விழும். மினி இருக்கிற இடமே தெரியாது. திருக்குளிர்த்திச் சடங்கை லண்டனிலும் கனடாவிலும் உள்ள சொந்தக்காரருக்கு நேரலை போடுகிறவர்களுக்கும் இப்போது துளையில் போடும் கார்ட் தேவையில்லை. பல கமராவை மாற்றி மாற்றிக் காட்டும் ஏடெம் மினி போன்ற சிறிய ஸ்விட்சர் யூஎஸ்பியில் வருகிறது, மேக்புக் ஒன்று போதும்.

கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும், ஆகவே மினி ஆகாது என்று நினைத்தால், பாவித்த மேக்புக் ப்ரோவைப் பார்க்கலாம். 2021 அல்லது அதற்குப் பிந்திய 14 அங்குல மாடல் மட்டும். இன்டெல் மேக் எவ்வளவு மலிவாக வந்தாலும் கை வைக்காதீர்கள். காசு கொடுக்க முன்னர் விற்கிறவரை முன்னாலேயே வைத்து அவருடைய ஐகிளவுட் கணக்கை வெளியேற்றச் சொல்லுங்கள். பிறகு முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கிப் பாருங்கள். இணையத்தோடு சேர்ந்ததும் ஏதாவது நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்களுடைய நிர்வாகத்துக்குள் இழுத்தால், அது அலுவலகத்திலிருந்து வெளியே வந்த மெஷின், விட்டுவிட்டு வாருங்கள். பேட்டரி எத்தனை சுற்றுப் போயிருக்கிறது என்பதை சிஸ்டம் ரிப்போர்ட்டில் பாருங்கள், ஆயிரம் சுற்றுத்தான் அதற்குக் கணக்கு.

கடைசியாக உங்கள் ஐமேக். அதை இன்றைக்கே விற்க அவசரப்பட வேண்டாம். புதியது வரும்வரை ஃபைனல் கட்டில் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் பாவிக்கிற இலேசான பிரதி, உண்டாக்கி எடிட் செய்யுங்கள். முதல் தடவை உண்டாக்க நேரம் எடுக்கும், இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம். பிறகு ஓடும். அந்த மாடலுக்கு மேக்ஓஎஸ் வென்சுராதான் கடைசி. அதற்கு அடுத்த சொனோமாவைக் கேட்கிற ஃபைனல் கட் 11 ஏறாது, இருக்கிற பதிப்பை அழித்துவிடாதீர்கள். வென்சுராவுக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தங்களும் வராது, ஆகவே வங்கி வேலைகளை அதில் செய்ய வேண்டாம். 5கே திரை அருமையானது என்பதால் அதை மினிக்குத் திரையாகப் பாவிக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். நேரடியாக முடியாது, 2014இல் 5கே ஐமேக் வந்ததிலிருந்தே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். உள்ளே உள்ளதைக் கழற்றி வேறு போர்ட் போட்டு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வேலை தெரிந்த கை வேண்டும். அல்பம் வடிவமைக்கிற பிள்ளைக்கு அதைக் கொடுங்கள். உள்ளே ஃபியூஷன் டிரைவ் (ஹார்ட் டிஸ்க்கோடு சின்ன எஸ்எஸ்டி சேர்ந்தது) என்றால் வெளி எஸ்எஸ்டி ஒன்றிலிருந்து தொடக்கி ஓட்டுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பின்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தால் ராமும் கூட்டலாம். அந்தக் கதவு உள்ள மேக்கை 2022க்குப் பிறகு அப்பிள் ஐமேக் வரிசையில் விற்கவில்லை.